குட்டியின் தொப்புளில் ஒரு சின்ன உருண்டை

குக்கர் மூடியைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. கேப்பை மாவும் கோழிக் கழுத்தும் மஞ்சள்தூளும் சேர்ந்து வெந்த வாடை. இந்த வீட்டில் இத்தனை வருஷமும் அது உங்கள் வேலை. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "மனுஷங்க சாப்பிடற குக்கர்லதான் இதை வேக வைக்கணுமா?" என்று கத்துவேன். நீங்கள் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் கரண்டியைச் சுழற்றுவீர்கள். இப்போது நான்தான் கிண்டுகிறேன். மூக்கை மூடக்கூட அலுப்பாக இருக்கிறது. பழக்கதோஷத்தில் இன்றைக்கும் ஜூலிக்கும் அதன் குட்டிக்குமாகச் சேர்த்தே மாவைப் போட்டுவிட்டேன். தட்டை எடுக்கும்போதுதான் உறைத்தது. குட்டி நேற்றே போய்விட்டது.

அதை உங்களுக்குச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். சொல்வதற்கு வேறு ஆள் இல்லை. நம் பெண்ணிடம் சொன்னால், "வுடும்மா, போனது போச்சு" என்பாள். அவள் சொல்வதும் சரிதான்.

வீட்டில் பாதிச் சாமானைக் கட்டியாகிவிட்டது. அடுத்த வாரம் விழுப்புரத்துக்கு அவள் வீட்டோடு போய்விடுகிறேன். திண்டிவனத்தில் தனியாக உட்கார்ந்துகொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று தினமும் போனில் ஒரே பாட்டு. எதிர்த்துப் பேசவும் தெம்பில்லை. அவள் இருப்பது மாடி போர்ஷன். வீட்டுக்காரர் ஒரு நாய்க்குத்தான் சரி என்றார், அதுவும் ஜூலிக்கு வயசாகிவிட்டது, குரைக்காது என்று சத்தியம் செய்த பிறகு. குட்டி வரக்கூடாது. அதற்கு ஓர் இடம் பார்க்காமல் நான் இந்த வீட்டைப் பூட்ட முடியாது. தெருவிலா விட்டுவிட்டுப் போவேன்? பிறந்த அன்றைக்கு நீங்கள் உங்கள் துண்டிலேயே ஏந்தித் துடைத்த குட்டி அது.

உங்களை நினைத்தால் எனக்கு முதலில் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுதான் கண்ணில் வருகிறது. மற்ற கண்டக்டர்கள் எல்லாரும் "திண்டிவனம், திண்டிவனம், ஏறு ஏறு" என்று ஆள் பிடித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஒருத்தர்தான் படியில் நின்று ஆளை விரட்டிக்கொண்டிருப்பீர்கள். "பைபாஸ் வண்டிங்க. விக்கிரவாண்டி நிக்காது, கூட்டேரிப்பட்டு நிக்காது. ஏறி ஒக்காந்துக்கினு அப்பறம் எங்கிட்ட சண்டைக்கி வராதீங்க. முன்னாடியே சொல்லிட்டேன்." மூட்டையோடு ஏறிய பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள். டிரைவர் தலையில் அடித்துக்கொள்வார். காணையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் உங்கள் வண்டியிலேயே ஏறி இந்தக் கூத்தைப் பார்த்திருக்கிறேன். நிற்காத ஊர்களைச் சொல்லிச் சொல்லியே வண்டியைக் காலியாக ஓட்டிய மனுஷன் நீங்கள்.

நாய்க்குட்டியையும் அப்படித்தான் விற்றீர்கள். உங்கள் டிரைவர் கொடுத்த ஒரு லேப்ரடார் குட்டியில் ஆரம்பித்தது. அது பெரிதாகிக் குட்டி போட்டது. அதன் மகள்தான் ஜூலி. ரிட்டயர் ஆன பிறகு அதுவே உங்களுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. குட்டி வாங்க வருகிறவர் கேட்டைத் திறந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவீர்கள். "இதுக்கு ஒரு காது கொஞ்சம் மந்தம். இது மத்ததைவிட தீனி கம்மியாத்தான் திங்கும். இந்தக் கறுப்பு இருக்கே, செருப்பு ஒண்ணு வெளிய வுட மாட்டான்." நல்லதைச் சொல்லவே மாட்டீர்கள். நல்லதை அவர்களே பார்த்துக்கொள்வார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட காப்பி குடுக்கறதுக்கு முன்னாடியே சொத்தைப் பல்லைக் காட்டற ஆளுங்க நீங்க" என்று ஒரு நாள் சொன்னேன். நீங்கள் பீடியைக்கூட வாயிலிருந்து எடுக்காமல் சொன்னீர்கள்: "உன்னப் பாக்க வந்தப்ப உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லலியே செல்வி, இவளுக்கு வாய் நீளம்னு. அன்னிக்கி ஏமாந்தவன், இன்னிக்கி வரைக்கும் அனுபவிச்சிக்கினு கீறேன்." வந்திருந்த ஆள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

ஆனால் உங்கள் சொல்லும் ஒரு தரம் வினையில் போய் முடிந்தது. ஜூலியின் அம்மா போட்டதில் ஒரு குட்டிக்குத் தொப்புளில் உருண்டை இருந்தது. நெல்லிக்காய் அளவுக்கு மெத்தென்று இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் மறுபடி எட்டிப் பார்க்கும். தொப்புள் ஓட்டை சரியாக மூடாததால் உள்ளே இருக்கும் கொழுப்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, பெரும்பாலும் தானாகவே மூடிவிடும், இல்லாவிட்டால் பிறகு ஒரு தையல் போட்டால் போதும் என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். பொம்மையார்பாளையத்திலிருந்து படகுக்காரர் ஒருத்தர் வந்தார். நீங்கள் வழக்கம்போலக் குட்டியை மல்லாத்திப் போட்டு, "பாத்துக்குங்க, இங்க ஒரு உருண்டை கீது. அமுக்கினா உள்ள பூடும்" என்று அழுத்தியும் காட்டினீர்கள். அவர் தலையாட்டினார். குட்டி போனது.

கொஞ்ச நாள் கழித்து, விற்ற குட்டியைப் போய்ப் பார்க்கும் உங்கள் வழக்கப்படி, என்னையும் இழுத்துக்கொண்டு பாண்டி பஸ் ஏறினீர்கள். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போவதுபோல் பிஸ்கெட் பொட்டலம் வேறு. அங்கே போனால் குட்டி வயிற்றைச் சுற்றிப் பழைய புடவைக் கிழிசலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். படுக்க முடியாமல் குந்திக் குந்தி எழுந்துகொண்டிருந்தது. நீங்கள் கட்டை அவிழ்த்தீர்கள். உள்ளே ஒரு ரூபாய்க் காசு. காசு இருந்த இடத்தைச் சுற்றித் தோல் வெந்துபோய் நீர் கசிந்துகொண்டிருந்தது.

அந்த வீட்டம்மா பாவம், ஒளிக்கவும் இல்லை. "எங்க சின்னவனுக்கும் தொப்புள் இப்படித்தாங்க துருத்திக்கினு இருந்துச்சு. காசு வச்சிக் கட்டினேன், உள்ள போயிடுச்சு. இதுக்கும் அதே மாதிரிதான் கட்டினேன். நீங்கதானே அமுக்கினா உள்ள போயிடும்னு சொன்னீங்க?" என்றாள். பிள்ளைக்குச் செய்ததை நாய்க்கும் செய்திருக்கிறாள். வேறு எந்த ஊரில் இப்படி ஒரு தப்பு நடக்கும்? நீங்கள் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. தேங்காயெண்ணெய் கேட்டு வாங்கிப் புண்ணைச் சுற்றித் தடவிவிட்டு, மறுநாளே டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு வந்தீர்கள். புண் ஆறிவிட்டது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் சும்மா இருக்கவில்லை. "வாயத் தொறக்காம குடுத்திருந்தா அந்தக் குட்டி நிம்மதியா இருந்திருக்கும். பெரிய அரிச்சந்திரன் பரம்பரை" என்றேன். கிளியனூர் தாண்டிய பிறகு சொன்னீர்கள்: "சொன்னது தப்பில்ல செல்வி. பாதியோட நிறுத்தினேன் பாரு, அதான் தப்பு." அதற்குப் பிறகு உருண்டை உள்ள குட்டி எது வந்தாலும், காசு வைத்துக் கட்டாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தீர்கள். வந்தவர்கள் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஜூலியின் இந்தக் கடைசி ஈற்றில் இந்தப் பெண் குட்டிக்கு அதே உருண்டை. மற்ற குட்டிகள் எல்லாம் போய்விட்டன. இதைப் பார்க்க வந்தவர்களுக்கு எல்லாம் நீங்கள் ஒரு பிரசங்கமே செய்தீர்கள். உருண்டை கெட்டியானால், தொட்டால் கத்தினால், வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி. கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணும்போதே இதையும் தைத்துவிடலாம். இதை வைத்துக் குட்டி போட விடாதீர்கள். காசு கட்டாதீர்கள். கேட்டவர்கள், "வீட்ல கேட்டுட்டு வர்றோம்" என்று போனவர்கள்தான். வம்சத்தில் இது வருகிறது என்று தெரிந்த பிறகு ஜூலிக்கும் இதோடு போதும் என்று முடிவு செய்தீர்கள். "யாரும் வாங்கலன்னா நாமளே வச்சிக்குவம், இன்னா இப்ப?" என்று குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கறிக்கடைக்குப் போனீர்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு காலை. ஜூலியைக் குளிப்பாட்டிவிட்டுக் கேட்டின் ஓரம் உட்கார்ந்தீர்கள். ஓஸில் தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. "பைப்பை மூட மாட்டீங்களா, தொட்டி காலியாவுது!" என்று உள்ளிருந்து கத்திக்கொண்டே வந்தேன். உங்களிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான். அதை நினைத்தால் எனக்கு என்னையே அடித்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

மாரடைப்பு திடீரென்று வந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கருமாதி அன்றைக்கு மெடிக்கல் ஷாப் தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதான். "நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரைய எப்பவும் சட்டப் பையிலயே வச்சிருங்கண்ணேன்னு அண்ணங்கிட்ட தலபாடா அடிச்சிக்கினேங்க அண்ணி. அன்னிக்கி வச்சிருக்கலியா?" என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்ன மாத்திரை என்று கேட்டேன். அவன் முகம் செத்துப்போயிற்று. "நெஞ்சுக்கு சாப்பிட்டுக்கினு இருந்தாரே... உங்களுக்குத் தெரியாதா?" என்றான்.

தெரியாது. எனக்குத் தெரியாதுங்க. ஊரில் ஒரு மெடிக்கல் ஷாப் பையனுக்குத் தெரிந்தது, உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவளுக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயங்காலம் வீடு முழுக்கத் தேடினேன். நாய் மருந்து டப்பாவில், பூச்சி மருந்துக்கு அடியில் இருந்தது. நான் தொடாத டப்பா அது ஒன்றுதான் என்று உங்களுக்குத் தெரியும். நெஞ்சைத் தடவிக்கொண்டு, "கேஸு செல்வி, வேற ஒண்ணும் இல்ல" என்பீர்கள். நானும் நம்பி ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். நீங்களும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைக் குடித்தீர்கள். நல்லாத்தான் இருக்கிறது என்று வேறு சொன்னீர்கள்.

முன்பின் தெரியாத ஆளிடம் ஒரு நாய்க்குட்டியின் தொப்புளைச் சொன்னவர், கட்டினவளிடம் சொந்த நெஞ்சைச் சொல்லவில்லை. இதை யாரிடம் சொல்லி அழுவது? செத்துப்போனவர்மேல் கோபப்படக்கூடாது என்கிறார்கள். நான் பட்டேன். மாலை போட்ட உங்கள் படத்தைப் பார்த்து, "பொய்யாங்கொள்ளி மனுஷா" என்று திட்டினேன். விளக்கு ஏற்றும்போது சில நாள் படத்தைப் பார்க்காமலே ஏற்றினேன். திட்டித் திட்டி அலுத்துப்போனதும் அழுகைகூட நின்றுவிட்டது. அந்த அலுப்பு இன்னும் உடம்பில் கிடக்கிறது. காலையில் எழுந்தால் வேலை செய்து முடித்தவள்போலக் கை கால் எல்லாம் ஓய்ந்து கிடக்கிறது.

நேற்று விழுப்புரத்திலிருந்து ஒரு புருஷன் பெண்டாட்டி குட்டியைப் பார்க்க வருவதாக நம் பெண்தான் ஏற்பாடு செய்திருந்தாள். ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறவர்கள். காலையிலேயே போன் பண்ணிப் படித்துப் படித்துச் சொன்னாள். "அம்மா, டாக்டரே பயப்பட ஒண்ணும் இல்லன்னுட்டாரு. நீ அப்பா மாதிரி ஆரம்பிச்சி வைக்காத. நல்ல எடம்மா. இதுவும் போச்சுன்னா வேற ஆளு கெடையாது, உன்னோட பெரிய பேஜாரு." சரி என்றேன். மனசாரத்தான் சொன்னேன். தெரிந்ததைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சிரிப்பது என்று நீங்கள்தான் எனக்குக் காட்டிவிட்டுப் போயிருக்கிறீர்களே. நான் மட்டும் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்?

வந்தார்கள். அவன் கொஞ்சம் கறார் பேர்வழி. ஊசி போட்டாயிற்றா, பூச்சி மருந்து கொடுத்தாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் எதுவும் கேட்கவில்லை. வந்த உடனே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள், குட்டி அவள் மடியில் ஏறித் தாலிக்கயிற்றைக் கடித்தது. "அடியேய், அதை வுடுடி" என்று சிரித்தாள். அந்த வீட்டில் அதற்கு நன்றாக இருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எல்லாம் பேசி முடித்தோம். "வேற ஒண்ணும் கொறை இல்லியேங்க?" என்று அவன் எழுந்துகொண்டே கேட்டான். "நல்லா சாப்பிடும்" என்றேன். அதுவும் பொய் இல்லை பாருங்கள்.

ஜூலி படுத்த இடத்திலிருந்து எழுந்து வந்து குட்டியை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. அவன் போய் வண்டியை ஸ்டார்ட் பண்ணினான். அவள் துப்பட்டாவில் குட்டியைச் சுற்றி வயிற்றோடு அணைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். அவ்வளவுதான், முடிந்தது, இனி நான் போய்ப் படுக்கலாம் என்று நினைத்தேன். கேட்டைச் சாத்தும்போதுதான் அது தோன்றியது. இவள் நாளைக்கோ மறுநாளோ குட்டியைக் குளிப்பாட்டுவாள். கைக்கு அது தட்டும். பதறிப்போய் டாக்டரிடம் ஓடுவாள். "இது பொறந்ததுலருந்தே இருக்குமே, குடுத்தவங்க சொல்லலியா?" என்று அவர் கேட்பார். அப்போது இவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மெடிக்கல் ஷாப் தம்பி எதிரில் அன்றைக்கு நான் அந்த முகத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். அந்த நிலைமை இன்னொருத்திக்கு என்னால் வரக்கூடாது.

"இந்தாம்மா, நில்லு, நில்லு!" என்று செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினேன். அவன் வண்டியை நிறுத்தினான். குட்டியை வாங்கி அவள் கையிலேயே மல்லாத்தி, அவள் விரலைப் பிடித்து அந்த உருண்டைமேல் வைத்தேன். நீங்கள் சொல்லும் அத்தனையும் சொன்னேன். கெட்டியானால், கத்தினால், வாந்தி எடுத்தால் ஆஸ்பத்திரி. ஆபரேஷனோடு தையல். குட்டி வேண்டாம். காசு வைத்துக் கட்டாதே. மூச்சு வாங்கிற்று எனக்கு. உங்கள் குரலே என் தொண்டையில் வருகிறாற்போல இருந்தது.

அவன் முகம் மாறிவிட்டது. "நான் கேட்டேனேங்க, கொறை ஒண்ணும் இல்லியான்னு" என்றான். நியாயம்தான். அவள் உருண்டையை மெல்ல அழுத்திப் பார்த்தாள். அழுத்தினாள், விட்டாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்க்கா சொல்லல?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள். "சொன்னா வுட்டுட்டுப் பூடுவீங்களோன்னு பயந்துட்டேன்மா" என்றேன்.

அவள் கேட்ட கேள்வியைத்தான் நான் இத்தனை நாளாக உங்கள் படத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று. உங்கள் பதில் இதுவாகத்தான் இருந்திருக்குமா? சொன்னால் நான் எங்கும் ஓடிவிட மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியாதா என்ன? ஆனால் எனக்குள் இருந்த அந்த வாயாடி ஓடிப்போயிருப்பாள்தான். உங்களோடு சண்டை போட்டவள், குக்கருக்காகக் கத்தியவள் போய், நீங்கள் இருமினால் எழுந்து உட்காருகிற ஒருத்தி இந்த வீட்டில் வந்திருப்பாள். அவளைப் பார்க்கப் பயந்தீர்களோ? ஏமாற்றுகிறவர்கள்தான் மறைப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்தவர்களும் மறைக்கிறார்கள். நேற்று நானே மறைத்துப் பார்த்துவிட்டேன்.

அவன் அவளைப் பார்த்து, "வேணாம், குடுத்துடு. வேற பாக்கலாம்" என்றான். அவள் கொடுக்கவில்லை. குட்டியைத் திரும்பத் துப்பட்டாவில் சுற்றி, இந்தத் தரம் உருண்டைமேல் கை படாமல் தூக்கிக்கொண்டாள்.

"இம்மாந்துண்டு உருண்டைக்கா வுட்டுட்டுப் போவாங்க? இன்னாக்கா நீங்க" என்று சிரித்தாள். புருஷனைப் பார்த்து, "வண்டிய எடுய்யா, ஜல்தி. மழை வருது" என்றாள். அவன் என்னவோ முனகிக்கொண்டே எடுத்தான். தெருமுனை திரும்புகிறவரை குட்டியின் மூக்கு அவள் தோளுக்குமேல் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் நம் பெண் போனில் கத்தினாள். கத்தட்டும். என் கோபம் ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். இன்னும் இருக்கிறது. விழுப்புரத்துக்கும் அது என்னோடு வரும். ஆனால் திட்டுவதற்கு வாய் வரவில்லை. இன்றைக்கு விளக்கு ஏற்றும்போது உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஏற்றினேன். அந்தப் பெண் என்னிடம் கேட்டதுபோலவே கேட்டேன்.

அந்தச் சின்ன நெஞ்சுவலிக்கா உங்களை விட்டுவிட்டுப் போயிருப்பேன்? இன்னாங்க நீங்க.